ஆப்டிமாட் பெட்டியும் 15 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஒலிப் பொறியாளர் ராபர்ட் ஆர்பன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், எஃப்எம் நிலையங்கள் ஒலியை டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் முன் பக்குவப்படுத்த 1975-ல் அவர் கொண்டுவந்த ஆப்டிமாட்-எஃப்எம் 8000 கருவியை 'வானொலிச் சத்தத்தைக் கூட்டிய பெட்டி' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சத்தம் கூடியது உண்மை. எப்படிக் கூடியது என்பதில்தான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எஃப்எம்மில் ஒலி ஏற ஏற, ஒலிபரப்பு அலையின் அதிர்வெண் தன் இடத்திலிருந்து விலகும்; அமெரிக்காவில் அது 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது. இரைச்சலை அடக்க, உச்ச ஸ்தாயி ஒலிகளைத் தூக்கித்தான் அனுப்புவார்கள். 75 மைக்ரோசெகண்ட் ப்ரீ-எம்ஃபசிஸ் என்பது அதுதான். 15 கிலோஹெர்ட்ஸில் 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு. ஒரு ஜால்ராத் தட்டு போதும், வரம்பு உடைந்துவிடும். ஆகவே உச்சத்தை வரம்புக்குள் அடக்கும் லிமிட்டர் வேண்டும். இது ஸ்டீரியோ ஒலிபரப்பு என்று ரேடியோப் பெட்டிக்குச் சொல்லும் பைலட் டோன் 19 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்திருப்பதால், 15-க்கு மேல் எதையும் விடாத ஃபில்டரும் வேண்டும். அந்நாளில் லிமிட்டர் தனிப் பெட்டி; ஃபில்டரோ அதற்கு அடுத்து வரும், இடது வலது ஒலிகளை ஒரே சிக்னலாக்கும் ஸ்டீரியோ ஜெனரேட்டருக்குள்.

கோளாறு இந்த வரிசையில்தான். 8 கிலோஹெர்ட்ஸ் ஒலியை லிமிட்டர் தலைதட்டிச் சதுர அலையாக்கிவிட்டது என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் அடிப்படை அலை, சதுரத்தைவிட 27 விழுக்காடு உயரம். அதைத் தட்டையாக அமுக்கி வைத்திருப்பவை 24 கிலோஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள ஹார்மோனிக்குகள், அதாவது அடிப்படை அலையின் மடங்குகளில் வரும் துணை அலைகள். ஃபில்டர் அவற்றை வடித்துவிட்டதும் அடிப்படை அலை நிமிர்ந்துவிடும். வரம்பு மீறாமலிருக்க மொத்த ஒலியையும் 2 டெசிபலுக்கு மேல் இறக்க வேண்டியதுதான். சரி, ஃபில்டருக்குப் பின் இன்னொரு முறை வெட்டினால்? வெட்டிய இடத்தில் ஹார்மோனிக்குகள் மறுபடி முளைத்து, பைலட்டையும் ஸ்டீரியோ பகுதியையும் கெடுக்கும்.

ஆர்பன் லிமிட்டர், ஃபில்டர், ஸ்டீரியோ ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தார். ஃபில்டர் என்ன செய்யும் என்று தெரிந்தே லிமிட்டர் வேலை செய்தது. 1980-ல் வந்த 8100-ல் இது இன்னும் நேர்த்தி. ஃபில்டரைத் தாண்டி எகிறிய நுனியை மட்டும் தனியே பிரித்து, அதையும் 15 கிலோஹெர்ட்ஸுக்குள் வடித்து, தாமதப்படுத்திய மூல ஒலியிலிருந்து கழிப்பார்கள். நுனி அடங்கும், புது ஹார்மோனிக் வெளியே போகாது. என்னைக் கேட்டால் அவருடைய வேலைகளில் அழகானது இந்தக் கழித்தல்தான்.

பெட்டியை வாங்கிவிட்டு இணைப்பில் கோட்டைவிட்டவர்களும் உண்டு. பெட்டியிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் இணைப்பில் ஏதோ ஒரு கப்பாசிட்டர் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். காதுக்கே எட்டாத 5 ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் தலைதட்டிய 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் தட்டையான மேல்பக்கம் சரிந்து, அதன் ஒரு முனை 15 விழுக்காடு எழும்பிவிடும். மறுபடியும் ஒலியை இறக்க வேண்டும். வெட்டு 0.15 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால்தான் இந்தச் சரிவு ஒரு விழுக்காட்டுக்குள் நிற்கும்.

கட்டுரையோடு வெளியான படத்தில் ஆப்டிமாட்டுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே தனியாக ஒரு ஸ்டீரியோ ஜெனரேட்டர் வரையப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ஆப்டிமாட்டின் காம்போசிட் அவுட்புட்டை, அதாவது ஸ்டீரியோவாகச் சேர்ந்தே வரும் சிக்னலை, நேரே டிரான்ஸ்மிட்டரின் முதல் கட்டமான எக்சைட்டருக்குக் கொடுத்து, அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிபரப்புத் துறை வாசகர், திருச்சி