உடைந்த பாட்டிலை எங்கே போடுவது?

ஐயா,

வீரவநல்லூரில் 30 வருடமாக ஊறுகாய் போட்டு விற்கிறேன். நார்த்தங்காய், மாவடு எல்லாம் கண்ணாடி பாட்டிலில்தான். பிளாஸ்டிக்கில் வாடை பிடித்துவிடும். காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 5 ரூபாய் கழித்துக்கொள்கிறேன். வெந்நீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தால் அதே பாட்டில் பல தடவை வரும். மூடிதான் முதலில் துருப்பிடிக்கும்.

சிக்கல் உடைந்ததில்தான். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் இரும்புக்கும் அட்டைக்கும் விலை உண்டு. கண்ணாடி என்றால், "அது வேண்டாம்மா" என்கிறார்கள். கனம் அதிகம், காசு குறைவு, கையையும் கிழிக்கும். சரி, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அப்புறம் அது எங்கே போகிறது? போன ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிப் படித்துறையில் என் பேரன் குதிகாலில் ஏறிய பச்சைச் சில்லை நானே ஊசியால் எடுத்தேன். உளுந்தளவுகூட இல்லை, பிள்ளை இரண்டு நாள் நொண்டினான்.

இத்தனைக்கும் கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. மணலைப் புதிதாக உருக்குவதைவிடச் சில்லை உருக்க எரிபொருளும் குறைவு. பீங்கான், ஜன்னல் கண்ணாடி, அடுப்புச் சூடு தாங்கும் பாத்திரம் இவற்றை மட்டும் பாட்டிலோடு கலக்கக் கூடாது.

நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. ஜாம், சாஸ் பாட்டிலுக்கும் அப்படி வைத்தால் என்ன? அதுவரை குப்பை வண்டியில் கண்ணாடிக்கென்று ஒரு சாக்காவது கட்டிவிடுங்கள். நிறம் பிரித்து நாங்களே போடுகிறோம்.

இப்படிக்கு,
ஊறுகாய்க்கார வாசகி,
வீரவநல்லூர்