மின்மூக்குக்குக் கருப்பட்டி வாசம் தெரியுமா?

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி விற்பவன் எழுதுகிறேன். முகர்ந்தே எண்ணெயை இனம் பிரிக்கும் மின்மூக்கு கடைத்தெருச் சோதனைக்கு வந்தால் முதலில் மகிழ்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். பாமாயிலைக் கலந்து 'செக்கு எண்ணெய்' என்று லேபிள் ஒட்டுகிறவர்களோடு விலையில் மல்லுக்கட்டி அலுத்துவிட்டோம். ஆனால் அதற்கு டெண்டர் விடும் முன் எங்கள் எண்ணெயை அதற்குப் பழக்கிவிடுங்கள்.

மின்மூக்கில் பெரும்பாலும் டின் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு சென்சார்கள் இருக்கும். எண்ணெயின் ஆவி பட்டதும் அவற்றின் மின்தடை ஆளுக்கொரு அளவில் மாறும். அந்த மாற்றங்களை, முன்பே கற்றுக்கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் கருவி பதில் சொல்கிறது. எங்கள் செக்கில் எள் நசுங்கி மாவாகும் பக்குவத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போடுவோம். பிண்ணாக்கு இறுகும்; உரலோரத்தில் எண்ணெய் கலங்கலாகப் பிரிந்து நிற்கும். அப்போது எழும் வாசம் வேறு, வறுத்த எள்ளில் எடுக்கும் ஜப்பான், கொரியா எண்ணெயின் வாசம் வேறு. வெளியூர் மாதிரிகளில் பழகிய கருவி எங்கள் எண்ணெயைக் கலப்படம் என்றாலும் ஆச்சரியமில்லை.

நேர்மாறான ஆபத்தும் உண்டு. பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினைச் சுத்திகரித்து, மணம் நீக்கி, கால்வாசி கலந்தாலும் மேலே நிற்பது எள் வாசம்தான். பழைய போடூயின் சோதனையும் இங்கே கைகொடுக்காது. அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்த்ததும் வரும் சிவப்பு, நல்லெண்ணெய் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அது மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லாது. கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபிக்குத்தான் போக வேண்டும். பாமோலினில் பால்மிடிக் அமிலம் 40 சதவீத அளவில் இருக்கும். நல்லெண்ணெயில் 10 சதவீத அளவில்தான்.

பலகாரக் கடைச் சட்டியில் விட்டுப் பார்க்கும் கைக்கருவியையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது மின்காப்பு மாறிலி என்ற மின்பண்பை அளந்து, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற 2018 ஜூலை விதிக்கு அது போதும். எந்த எண்ணெய் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஆகவே, மாவட்டந்தோறும் உங்கள் அலுவலர் கண்முன் எள் கொட்டி ஆட்டிய எண்ணெயில் மாதிரி எடுங்கள். கருப்பட்டி போட்டது, போடாதது, புதிது, சில மாதம் ஆனது என எல்லாம் வேண்டும். தெரிந்த அளவில் பாமோலின் கலந்ததும் வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் இந்தச் சென்சார்களின் அளவு நகரும் என்பதால் ஐப்பசியிலும் ஒருமுறை சோதியுங்கள்.

கருவி சந்தேகப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சட்டப்படி பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதுவரை கடைக்காரரின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொல்லாதீர்கள். பேர் கெட்ட செக்கை யாரும் மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் மாதிரிக்கு என் செக்குக்கே வரலாம். எள்ளும் கருப்பட்டியும் என் செலவு. காலை ஆறு மணிக்குள் வந்துவிட்டால் தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மரச்செக்குக்காரன்