இடிசலும் சாம்பலும்: நம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை

அண்ணாச்சிமார், தம்பிமார், சித்தாள் வேலைக்கு வரும் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பேச வந்தது இடிசலைப் பற்றி.

2023 டிசம்பரில் நெல்லையில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு பழைய வீடுகளை இடித்துக் கட்டும் வேலை நமக்கு நிறைய வந்தது. இடித்ததை எங்கே கொட்டினோம்? ராத்திரியோடு ராத்திரியாகப் பாளையங்கால்வாய்க் கரையில் கொட்டிய வண்டிகளில் நம் ஆட்களின் வண்டியும் உண்டு. நம் வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய் அது. மனசு உறுத்தியதால், இடிசலைக் கொட்டாமல் மறுபடி கலவைக்கே எடுக்கும் வேலையை இந்த ஆண்டு பிடித்துக்கொண்டோம்.

ஒரு பழைய தளத்தை உடைத்து, கம்பியை உருவி, செங்கல்லையும் பூச்சையும் ஒதுக்கிவிட்டு, கான்கிரீட் துண்டுகளை மட்டும் முக்கால் இஞ்சு ஜல்லியாக உடைத்துச் சலித்தோம். முதல் நாள் கலவை சட்டியிலேயே இறுகிவிட்டது. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். பழைய சாந்து பொருக்குப்போல ஒட்டியிருக்கிறது. ஊற்றுகிற தண்ணீரை அது குடித்துவிடுகிறது. அப்புறம், முந்தின நாள் சாயங்காலமே நனைத்துச் சாக்கு போட்டு மூடினோம். காலையில் மேல் ஈரம் உலர்ந்ததும் கலந்தோம். கலவை கரண்டிக்கு இணக்கமாக வந்தது.

தரைக்கு அடியில் போடும் 1:4:8 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி) முழுக்க இந்த ஜல்லியே போதும். ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, 2016 முதல் இதை அனுமதிக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம் 25 என்கிற பலத் தரம் வரைக்கும், அதுவும் ஜல்லியில் 20 சதவீதம்தான். செங்கல் துண்டு கலந்தது தூணுக்கோ தளத்துக்கோ அறவே ஆகாது. வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழிவைச் சேர்த்தால் பலம் குறையும் என்று சிலர் சொல்கிறீர்கள். நாம் தினமும் பிரிக்கும் பி.பி.சி. என்கிற சாம்பல் கலந்த சிமெண்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் உலர் சாம்பல்தானே! தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுகிறதே, அந்த மாதிரிச் சாம்பல். அது சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்போடு சேர்ந்து மெதுவாக இறுகும். அதனால் 10 நாளாவது தண்ணீர் விட வேண்டும். ஒரு வீட்டில் அஞ்சாம் நாளே நிறுத்தினோம், தளத்தின் மேலே வெடிப்பு விட்டது. தப்பு நம்முடையது, நம் செலவில் சரிசெய்து கொடுத்தோம்.

2010-ல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தபோது பிழைப்பே போச்சு என்று பதறினோம். இன்று கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் மணல் நம் கைக்குப் பழகிவிட்டது. இதுவும் பழகும்.

இடிசல் கொட்ட ஓர் இடமும் உடைக்க ஒரு மெஷினும் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது; கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

செயலாளர்