பாப்பாவுக்கு, அந்த ஓபி சீட்டோடு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. நீ பாடம் நடத்தும் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலைப் படிப்புக்கு மதிப்பெண் முறையை மாற்றப் போகிறார்கள், கல்லூரியே போடுகிற இன்டர்னல் மதிப்பெண் 25லிருந்து 40 ஆகிறது, அந்தக் குழுவில் நீயும் இருக்கிறாய் என்றாய். சந்தோஷம்தான் கண்ணு. ஆனால் போனை வைத்ததும் எனக்கு 2020 ஜூன் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வருடம் மே மாதம் பிறந்தபோது தமிழ்நாட்டிலேயே கிருஷ்ணகிரி ஒன்றுதான் கொரோனா இல்லாத பச்சை மண்டலம். காவேரிப்பட்டணம் சுற்றி எல்லோரும் அதைப் பெருமையாகப் பேசினோம். கொரோனா வருவதற்கு முன்பே நம் வீட்டுக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. பெங்களூரில் கட்டட வேலை நின்று உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்துவிட்டார். இரண்டு அறையில் எட்டுப் பேர். மாந்தோப்பைக் குத்தகை பேசிய வியாபாரி போனை எடுக்கவில்லை. தம்பிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச் 27 என்றார்கள், அப்புறம் ஜூன் 1, அப்புறம் ஜூன் 15. ஒவ்வொரு தேதிக்கும் பிள்ளை புத்தகத்தைத் திறந்தான், மூடினான். ஜூன் 9ஆம் தேதி பரீட்சையே ரத்து. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. அரையாண்டை அவன் அம்மை போட்டு எழுந்து வந்து எழுதியிருந்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை.

உங்கப்பா எந்த நாளில் பேச்சைக் குறைத்தார் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. அங்கன்வாடியிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் சத்துமாவு கொண்டுபோய்க் கொடுத்தேன், எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்வேன். என் வீட்டு மனுஷன் களித் தட்டைத் தொடாமல் எழுந்து போனது உறைக்கவில்லை. காத்து கருப்பாக இருக்கும் என்று கயிறு மந்திரித்துக் கட்டினேன். நீதான் கவனித்தாய். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் மாமரத்தடியில் நிற்கிறார், தினமும் நிற்கிறார் என்று என்னை எழுப்பிச் சொன்னாய்.

அப்போது நீ முதுநிலை முதலாமாண்டு மாணவி. அந்த வாரம் நீ திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது எனக்கு மறக்காது. ஃபீல்டு ஒர்க் என்கிற களப்பணிக்குப் போக முடியாது என்பதால் பத்துக் குடும்பங்களைப் போனில் கூப்பிட்டு, ஊரடங்கில் உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு அறிக்கை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நல்ல மதிப்பெண் வந்தது. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரை நீ பார்த்துக்கொண்டதற்கு எந்தத் தாளிலும் இடமில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போக நினைத்தோம், கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி தாண்ட இ-பாஸ் வேண்டும். அதனால் டிவிஎஸ் எக்ஸெல்லில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து நீயே கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கு ஓட்டிப்போனாய். மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவர் சொன்னதை நீ உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாய்.

அன்று பதினொரு மணிக்கு உனக்கு ஆன்லைனில் இன்டர்னல் டெஸ்ட். ஓபி வரிசையில் நின்ற உனக்குப் பூஜ்யம் போட்டார்கள். மெயில் போட்டாய். மாணவியின் பெயரில் மருத்துவச் சான்று இருந்தால்தான் மறுதேர்வு என்று பதில் வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு விதியில் கட்டம் இல்லை. ஜூலையில் முதலாமாண்டு முதுநிலைக்கும் செமஸ்டர் தேர்வு ரத்தானது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏப்ரலில் சொன்னதை நீதான் படித்துக் காட்டினாய்: தேர்வு இல்லையென்றால் மதிப்பெண்ணில் பாதி இன்டர்னல், பாதி போன செமஸ்டர். ஒரு சின்ன டெஸ்டின் பூஜ்யம் அப்போது எவ்வளவு பெரிதாகிவிட்டது!

அதற்குப் பிறகு நீ மாறிப்போனாய். மதிப்பெண் இல்லாத எதையும் தொடவில்லை. மகளிர் குழுவுக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. நூலகப் புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைகளின் படிப்பு போகும். நாற்பதையும் டெஸ்டுக்கே கொடுத்துவிட்டால், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற படிப்பு உங்கள் துறையிலிருந்து போய்விடும். பாடத்திட்டத்தில் மட்டும் எழுதியிருக்கும்.

நான் மாதாமாதம் அங்கன்வாடி மையத்தில் பிள்ளைகளை எடை போடுகிறேன். அட்டையில் பச்சை என்றால் சரியான எடை, மஞ்சள் குறைவு, ஆரஞ்சு மிகவும் குறைவு. புள்ளி ஆரஞ்சில் விழுந்தால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவேன். அம்மாவுக்கு வேலை உண்டா, யார் ஊட்டுகிறார்கள், பேதி போனதா என்று கேட்பேன். ஆரஞ்சில் விழுந்த பிள்ளையை மையத்துக்கு வராதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. உன் மாணவர்களில் ஒருத்தி மூன்று டெஸ்டில் ஒன்றை விட்டால் பூஜ்யம் போடுவதற்கு முன் ஒரு போன் பண்ணச் சொல்லி விதியாகவே எழுது. மூன்றில் நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளலாமே. வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றாலும் அந்தச் சீட்டு செல்லும் என்று எழுது. முதல் ஃபீல்டு ஒர்க் அறிக்கைக்கு மதிப்பெண்ணே வேண்டாம், உட்காரவைத்துத் திருத்திக் கொடுங்கள். நீ ஒருத்தி சொன்னால் கேட்பார்களா என்று யோசிப்பாய். சொல்லிப் பார்.

அப்பா நன்றாகத் தூங்குகிறார். இப்போது பெங்களூரா மாங்காய் திரண்டு வருகிறது, தோப்பில் அவர்தான் காவல். மையத்துச் சுவரில் 14416 எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மனசு சரியில்லை என்றால் கூப்பிடலாம் என்று தாய்மார்களிடம் சொல்லும்போதெல்லாம், அந்த ஜூன் மாதம் நீ தூங்கினாயா என்று ஒருநாள்கூட நான் கேட்கவில்லையே என்று இருக்கும். இப்போது கேட்கிறேன். தூங்குகிறாயா பாப்பா? மறைக்காமல் எழுது.

அன்றைய ஓபி சீட்டை எடைப் பதிவேட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, தேதி தெரிகிறது. இதோடு அனுப்புகிறேன். கூட்டத்துக்குப் போகும்போது பையில் வைத்துக்கொள்.

அம்மா