வைத்தாங்கி நாள் சுதந்திர தினம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் 'உலக விசேஷ நாட்கள்' பகுதியில், 'பிப்ரவரி 6 - நியூசிலாந்து சுதந்திர தினம்' என்று போட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து என் அண்ணன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, ஆக்லாந்தில் இருக்கும் எனக்கு வாழ்த்தே அனுப்பிவிட்டார். உங்கள் பத்திரிகையில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர் அவர்.

பிப்ரவரி 6 இங்கே வைத்தாங்கி நாள். 1840-ல் அன்றைக்கு வைத்தாங்கி என்ற ஊரில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டிஷ் ராணியின் சார்பில் வந்த ஹாப்சனோடு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சி உள்ளே வந்த நாளைப் போய் விடுதலை நாள் என்று எழுதலாமா? நிலம் உங்களுடையதாகவே இருக்கும் என்று அதில் உறுதி கொடுத்தார்கள். 1863-ல் சட்டம் போட்டு, வைக்காட்டோ பகுதியில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பறித்தார்கள். 1877-ல் ஒரு நீதிபதி அந்த ஒப்பந்தமே செல்லாது என்றார். வைக்காட்டோ மக்களிடம் அரசு மன்னிப்புக் கேட்க 1995 வரை ஆனது. என்னோடு வேலை பார்க்கும் மாவோரித் தோழி அந்தப் பக்கத்துக்காரர். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தன் பாட்டி அடி வாங்கிய கதையை ஒவ்வொரு பிப்ரவரியிலும் சொல்வார். அவரிடம் போய் நான் சுதந்திர தின வாழ்த்துச் சொல்ல முடியுமா?

இந்த நாளுக்கு நாடு முழுக்க விடுமுறை வந்ததே 1974-ல்தான். அப்போது நியூசிலாந்து நாள் என்று பெயர் வைத்தார்கள். 1976-ல் வைத்தாங்கி நாள் என்ற பெயரே திரும்பி வந்தது. ஏன் வந்தது என்று நாலு வரி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இதுவும் முதல் தடவை இல்லை. நியூசிலாந்து என்றாலே நாக்கை நீட்டி ஆடும் மாவோரி ஹாக்கா நடனப் படம்தான் உங்களுக்கு. சில வருடங்களுக்கு முன்பு இங்கே கிடைத்த, தமிழ் எழுத்துப் பொறித்த 'தமிழ் மணி' பற்றி எழுதி, இந்தத் தீவுகளையே தமிழர்கள் ஆண்டது போல் முடித்திருந்தீர்கள். மாவோரிகள் சமையல் பாத்திரமாகப் புழங்கிவந்த கப்பல் மணி அது. அதை அவர்களிடமிருந்து பெற்ற மிஷனரி அச்சகர் வில்லியம் கொலன்சோ, 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் இருந்தார். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று இந்த மாவோரித் தலைவர்களுக்குப் புரிந்ததா என்று கையெழுத்து நடக்கும்போதே எழுந்து ஹாப்சனிடம் கேட்டவர். மணியை மட்டும் நம் பெருமைக்கு எடுத்துக்கொண்டீர்கள். அவர் கேட்ட கேள்விக்கு உங்கள் கட்டுரையில் இடமே இல்லை. அன்றைக்கே இதை எழுதி அனுப்பினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.

அடுத்த இதழில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அண்ணனுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
ஆக்லாந்து