கையெழுத்துப் போட்டு அனுப்பு

சிரஞ்சீவி கண்ணாவுக்கு,

அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம். நீ, மாட்டுப்பெண், குழந்தை மூவரும் சௌக்கியமென்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பாதியில் நின்றுபோன பேச்சை முடிக்கத்தான் எழுதுகிறேன். குழந்தையின் பள்ளிக்கூடத்தில் உடம்பு வளர்வதைப் பற்றியும் பிள்ளை பிறப்பதைப் பற்றியும் வகுப்பு எடுக்கப் போகிறார்கள், பெற்றோரின் சம்மதம் கேட்டு ஒரு காகிதம் வந்திருக்கிறது என்றாய். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னாய். "திருவல்லிக்கேணியில் நாங்கள் இதெல்லாம் இல்லாமல்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போய்விட்டோம்?" என்று கேட்டாய். குழந்தை பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நிதானமாகப் படி.

அந்தத் தெருவுக்கு நானும்தான் ஏங்குகிறேன். மார்கழி விடியலில் பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து வரும் திருப்பாவையும், பைக்ராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் நீ மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து கிளறிய பழைய புத்தகங்களும், ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்வரை ஊற்றுகிற சாம்பாரும் எனக்கும் மறக்கவில்லை. பாரதி சாலை என்று பேர் மாறி எவ்வளவோ வருஷமாகியும் என் வாயில் இன்னும் பைக்ராஃப்ட்ஸ் ரோடுதான் வருகிறது. ஆனால் உனக்கு நினைவிருக்கும் வீடும் எனக்கு நினைவிருக்கும் வீடும் ஒன்றாக இல்லை. நீ ஆண் குழந்தையாக அங்கே வளர்ந்தாய். நான் 1974-ல் இருபது வயதில் மாட்டுப்பெண்ணாக அங்கே வந்தேன்.

ஏழு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு குழாய், கொல்லையில் இரண்டு கக்கூஸ். நம் போர்ஷனில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அதில் பாட்டி, தாத்தா, கல்யாணமாகாத உன் இரண்டு அத்தைகள், அப்பா, நான். புதுசாகக் கல்யாணமானவர்கள் எங்கே படுப்பார்கள் என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? மொட்டைமாடியில் ஓட்டுச் சாய்ப்போடு ஒரு சின்ன அறை இருந்ததே, நீங்களெல்லாம் பட்டம் வைத்துக்கொண்டிருந்த அறை, அதன் சாவி மாடிப் போர்ஷன் மாமியிடம் இருக்கும். நான் வந்த புதிதில் ஒரு நாள் ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்தபின், அந்த மாமி கீழே வந்து தண்ணீர்ச் சொம்பை என்னிடம் கொடுத்து, "மேலே காற்று நன்றாக வருகிறது" என்று மட்டும் சொன்னாள். சொம்புக்குள் சாவி கிடந்தது. ஏழு குடித்தனத்தில் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் சாவி அங்கே போய்விடும். கோடையில்கூட அந்த நாட்களில் ஒருவரும் மாடியில் வந்து படுக்க மாட்டார்கள். காலையில் நான் இறங்கி வரும்போது குளியலறை காலியாக இருக்கும், தவலையில் வெந்நீர் தயாராக இருக்கும். யார் போட்டார்கள் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. பேச வேண்டுமென்றால் நானும் அப்பாவும் கடற்கரைக்கு நடந்துவிடுவோம். காந்தி சிலைக்கு அந்தப் பக்கம் மணலில் எங்களைப் போல எத்தனையோ ஜோடிகள், எல்லாருமே வீட்டில் இடமில்லாதவர்கள்.

நம் தெரு இந்த விஷயத்தை அசிங்கமாக நினைத்தது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதே. கல்யாணங்களில் தேங்காய் உருட்டி வாரணமாயிரம் பாடுவார்களே, அதைப் பாடிய ஆண்டாள் அதே நாச்சியார் திருமொழியில் தன் உடம்பின் ஆசையை எவ்வளவு திறந்து சொல்லியிருக்கிறாள். ஒன்பது கெஜம் கட்டிய மாமிகள் அந்தப் பாசுரங்களையும் கண்ணீர் விட்டுக்கொண்டு சேவித்ததை நான் கேட்டிருக்கிறேன். சாந்தி முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, ஊரறிய பால் சொம்போடு அனுப்பியவர்கள் அவர்கள். ஆசை அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அதைக் குழந்தைகளுக்குச் சொல்வதற்கும், அதில் ஒரு தப்பு நடந்தால் கேட்பதற்கும்தான் அந்த வீட்டில் வாய் இல்லை.

எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதில் இன்னொரு பக்கமும் இருந்தது. மாதம் மூன்று நாள் நான் கொல்லைத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிச் சொம்போடு உட்கார வேண்டும். நாலாம் நாள் தலை முழுகினால் ஏழு குடித்தனத்துக்கும் தெரிந்துவிடும், இந்த மாசமும் இல்லை என்று. உன் அக்கா பிறக்கும்வரை, "என்ன, விசேஷம் உண்டா?" என்று கிணற்றடியில் கேட்காதவர் கிடையாது. உனக்கு நாலைந்து வயதிருக்கும்போது ஓடிவந்து என்னைத் தொடப் போனாய். பாட்டி உன்னை இழுத்து, "அம்மாவைக் காக்கா தொட்டுடுத்து, கிட்டப் போகாதே" என்றாள். நீ அன்று முழுவதும் கல்லை வைத்துக்கொண்டு காக்காய்களை விரட்டிக்கொண்டிருந்தாய். அம்மாவைத் தொட்ட காக்கா எது என்று தேடினாயாம்.

பலூன் ஞாபகம் இருக்கிறதா? 1968-ல் அரசாங்கம் நிரோத் என்கிற ஆணுறையைக் கொண்டுவந்தபோது மூன்று 15 காசு. மருந்துக் கடையில் மட்டுமில்லை, பெட்டிக்கடையிலும் வெற்றிலை பாக்கோடு விற்கச் செய்தார்கள். நம் தெருமுனைக் கடையில் அதைக் கேட்பவர் ஒரு விரலால் சுவரைக் காட்டுவார். சுவரில் சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற எழுத்தும் இருக்கும். கடைக்காரர் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார். எங்கேயிருந்தோ உங்கள் கூட்டத்துக்கு ஒன்று கிடைத்து, முற்றத்தில் ஊதி, பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி, முகம் வரைந்து விளையாடினீர்கள். மாடி மாமிதான் பிடுங்கிக் கிழித்து, உன் முதுகில் இரண்டு வைத்தாள். ராத்திரி நீ என்னிடம், "பலூன் எப்படிம்மா அசிங்கமாகும்?" என்று கேட்டாய். எனக்குச் சாவி கொடுத்த அதே மாமி, கண்ணா. பொல்லாதவள் இல்லை. பெரியவர்களுக்குத் தெரிந்தால் போதும், குழந்தைகளுக்குத் தெரியவே கூடாது என்பதுதான் அவள் வளர்ந்த விதம்.

அப்புறம் உனக்கு மீதியெல்லாம் பைக்ராஃப்ட்ஸ் ரோட்டில் பரீட்சை கைடுகளுக்கு அடியில் ஒளித்து விற்ற மஞ்சள் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்திருக்கும். எனக்குத் தெரியும். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு பையனுக்கு அந்த வயதில் வேறு யார் சொன்னார்கள்?

உன் அக்காவுக்கு வேறு பாடம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது தாவணியில் குத்திய ஊக்கு போக, கையில் தனியாக ஒரு ஊக்கு வைத்துக்கொள்வாள். நான்தான் கொடுப்பேன். பஸ்ஸிலும் அப்படித்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. நீயும் அவளும் ஒரே கூட்டத்தில் ஒரே பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் வந்தீர்கள். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரிப் பெண் அந்த மாதிரித் தொல்லையில் உயிரை விட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது.

தெருக்கோடி மேன்ஷனில் இருந்த பையன்களைப் பற்றி எல்லாருக்கும் ஒரே பயம். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து, ஒரு அறையில் நாலு பேராகக் கிடந்தவர்கள். அந்தப் பக்கமாகப் பெண் குழந்தைகள் நடக்கக் கூடாது, ஜன்னலைச் சாத்து என்று ஏக கட்டுப்பாடு. நீ பிறக்கும்போது ராத்திரி ஒரு மணிக்கு ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்து வந்து, கோஷா ஆஸ்பத்திரி வாசல்வரை கூடவே வந்தது அந்த மேன்ஷன் பையன் ஒருவன்தான்.

இப்போது சொல்லப்போவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ அடிக்கடி ஆசையாகச் சொல்வாயே, கமர்கட்டு மாமா என்று? திண்ணையில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு ஸ்லோகம் சொல்லிக் கொடுத்தவர். பையன்களுக்கு அவர் நல்ல மாமா. பெண் குழந்தைகளை மடியில் உட்கார்த்திக்கொள்வார். பின்கட்டில் இருந்த ஒரு பெண், எட்டு ஒன்பது வயது, திடீரென்று ஸ்லோகத்துக்குப் போக மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள். அடித்தார்கள். அடங்காப்பிடாரி என்றார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் என்ன வார்த்தை இருந்தது? உடம்பில் அந்த இடங்களுக்கு ஒரு பெயர்கூட யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பெண்கள் நாங்கள் புரிந்துகொண்டோம். அவரவர் பெண்ணிடம், "அங்கே தனியாகப் போகாதே" என்று சொன்னோம். அவ்வளவுதான். அவர் கடைசிவரை மரியாதையாக வாழ்ந்து போனார். அந்தப் பெண் கொஞ்ச வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன் என்றாள். குழந்தைகளிடம் அப்படி நடப்பதற்கென்று தனியாக போக்சோ சட்டம் 2012-ல்தான் வந்தது. சட்டம் வந்தாலும், குழந்தை வாயைத் திறந்து சொன்னால்தானே அது அசையும்?

குழந்தைக்கு இதெல்லாம் தெரிய பத்து வயது சின்ன வயது என்கிறாய். உன் கொள்ளுப்பாட்டிக்குக் கல்யாணம் ஆனபோது இந்த வயதுதான். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரலில். அதற்கு முன்பே அவசரமாக முடித்துவிட்ட கல்யாணங்களில் அதுவும் ஒன்று. பெரியவளானதும் நாள் பார்த்து அறைக்குள் அனுப்பினார்கள். என்ன நடக்கும் என்று அவளுடைய அம்மாகூடச் சொல்லவில்லையாம். "கதவு சாத்தின சத்தம் மட்டும் இன்னும் கேக்கறதுடி" என்று, எண்பது வயதில், எனக்கு அவள் சொன்னாள். எந்த வகுப்பும் எந்தக் காகிதமும் இல்லாத காலம் அது. அந்தக் காலத்துக்கா ஏங்குகிறாய்?

பேசாமல் இருந்தால் பண்பாடு காப்பாற்றப்படும் என்று நம் ஊர் ரொம்ப நாள் நம்பியது. 1986-ல் நம் சென்னையில்தான், மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். இங்கே வராது, நாம் ஒழுக்கமானவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். பிறகு 2003 வாக்கில், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று போர்டுகளில் எல்லாம் எழுதினார்களே, ஞாபகமிருக்கிறதா? கோயிலுக்குப் போகிற மாமிகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, யார் இந்தப் புள்ளிராஜா என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஆனால் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி என்று கொண்டுவந்தபோது, 2007 வாக்கில் பல மாநிலங்கள் நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டன. நீயும் இப்போது அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாய்.

நம் வீட்டு மனிதர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சாவியும் வெந்நீரும் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அந்தப் பதவிசு குழந்தைக்கும் கிடைக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். கூடவே அவளுக்கு உடம்பின் பெயர்கள் தெரியட்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியட்டும், யாராவது தொட்டால் அன்றைக்கே உன்னிடம் ஓடிவந்து சொல்லத் தெரியட்டும். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் அவள் பெரியவளாகிவிடுவாள். அன்றைக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயந்து போய் பாத்ரூமில் உட்கார்ந்திருக்கக் கூடாது. என்னவோ வியாதி என்று நினைத்து நான் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

அதனால் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு. வகுப்பு முடிந்து வந்ததும் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீயே கேள், மாட்டுப்பெண்ணிடம் தள்ளிவிடாதே. அப்பா கேட்டால்தான் இது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று அவளுக்குப் படும். உனக்குச் சொல்ல வராத கேள்வியாக இருந்தால் எனக்கு வீடியோவில் போடச் சொல். இந்த வயதில் எனக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது. பெரியவளானதும் சென்னையில் சத்திரம் பிடித்துச் சடங்கு செய்ய வேண்டும் என்று சம்பந்தி மாமி சொல்லிக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்குப் பிடித்தால் செய்யலாம், பிடிக்காவிட்டால் வேண்டாம். அதை நான் அவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொள்ளத்தான் படுத்துகிறார். டிக்கெட் தேதி முடிவானதும் சொல்லு.

அன்புடன்,
அம்மா