பழைய மொசைக் மேல் மார்பிள்

அன்புள்ள ராமலிங்கத்துக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதற்குள் பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்தில், பழைய மொசைக் தரை மேலேயே மார்பிள் டைல் பதித்துவிட வேண்டும் என்கிறாய். தாராளமாகப் பதிக்கலாம், நாளும் இருக்கிறது. ஆனால் கொத்தனார் சொல்கிற முறை, அதாவது சாதா சிமென்ட் கலவையைப் பரப்பி, மேலே சிமென்ட் பால் ஊற்றிப் பதிப்பது, நீ வாங்கப்போகும் வெள்ளைக் கல்லுக்கு ஆகாது.

மார்பிள் நீரை உறிஞ்சும். அடியிலுள்ள ஈரம் கல் வழியாகத்தான் மேலேறிக் காய வேண்டும். ஏறும்போது மணலிலுள்ள செம்மண்ணையும் சிமென்ட்டின் கருமையையும் கூட்டிக்கொண்டு வரும். கல்லுக்குள் இரும்புச் சத்து இருந்தால் அதுவும் துருவேறி மஞ்சளாகப் பூக்கும். பிறகு எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் போகாது. அதனால் தண்ணீர் கலந்து பூசும் ஒட்டுக் கலவையான அடெசிவ்தான், அதுவும் வெள்ளை நிறத்தில், வாங்க வேண்டும். பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும், டைப் 2 அல்லது அதற்கு மேல் என்ற குறிப்பும் இருக்கிறதா பார். கல்லைத் தொட்டியில் ஊறப்போடும் வழக்கம் இங்கே வேண்டாம். பின்பக்கத்து அறுப்புத் தூளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்டிக்குள் வைக்கோலோ தென்னை நாரோ இருந்தால் வந்த அன்றே பிரித்துவிடு. நனைந்தால் அந்தச் சாயமும் கல்லில் இறங்கும்.

கூடம் 12க்கு 14, ஆக 168 சதுர அடி. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 சதவீதம் சேர்த்து, ஓரடிக் கல் 185 எடு. பிறகு வாங்கிச் சேர்க்கலாம் என்று விட்டால் அதே நிறம் கிடைக்காது. அடெசிவ் 20 கிலோப் பை ஐந்து, கல்லுக்கு இடையிலுள்ள சந்தை நிரப்பும் க்ரௌட் 4 கிலோ போதும்.

ஓரத்தில் உதய்பூர் பச்சை பார்டர் வேண்டுமென்று தங்கச்சி ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அழகுதான். ஆனால் அந்தப் பச்சைக் கல் தண்ணீர் கலந்த அடெசிவில் உட்கார்ந்தால் மூலை தூக்கி வளைந்துவிடும். அதற்கு மட்டும் தண்ணீர் கலக்காத எபாக்சிப் பசை வாங்கு. வெள்ளைக் கல்லின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தாலும் எபாக்சிதான். அடெசிவ் அந்த வலையை ஒட்டிய ரெசின் பசையைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது.

மொசைக்கை உடைக்க வேண்டியதில்லை. மரக்கட்டையால் தரை முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல். பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, புதிதாகக் கலவை போட்டு நன்றாகக் காயவிட வேண்டும். மீதியில் பழைய மெழுகும் பாலிஷும் போகும்வரை மெஷின் வைத்துத் தேய்த்து, தூசியைக் கூட்டி எடுக்க வேண்டும். வழவழப்பு இருந்தால் அடெசிவ் பிடிக்காது. பிறகு பத்தடி மட்டப்பலகையை நான்கு திசையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் தெரிந்தால் அதை முதலில் நிரப்பு. பள்ளத்தில் அடெசிவைக் கூடுதலாக அப்பிச் சமாளித்தால் காயும்போது அது சுருங்கி, கல் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அடிக் கணக்கு (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்தால் குறுக்கே 5 வர வேண்டும்) கொத்தனாருக்குத் தெரியும். சுவரை நம்பாமல் நடுவில் நூல் அடித்து, முதலில் கல்லை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். ஓரத்துண்டு அரைக் கல்லுக்கும் குறைந்தால் நடுக்கோட்டை அரைக் கல் நகர்த்துங்கள். நாலைந்து பெட்டிக் கற்களையும் கலந்து அடுக்கினால்தான் நிறம் ஒரே இடத்தில் திட்டாகத் தெரியாது.

பதிக்கும்போது நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அடெசிவைப் பல் கரணையால், அதாவது விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால், நேர்கோடாக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாகச் சுழற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். கல்லின் பின்பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு. வரிகளுக்குக் குறுக்கே கல்லை லேசாக முன்னும் பின்னும் அசைத்து அமுக்கினால் வரிகள் சரிந்து ஒன்றாகிவிடும். நடுநடுவே ஒரு கல்லைக் கிளப்பிப் பார்க்கச் சொல். பின்பக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு உருண்டை, நாலு மூலையில் நாலு உருண்டை வைத்துப் பதித்தால், மூட்டை கனமாக இறங்கும் இடத்தில் கல் விரிசல் விடும். வெற்றிடத்துக்கு மேலே கல்லின் நிறமும் வேறாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பரப்பிய அடெசிவ் விரலில் ஒட்டவில்லை என்றால் ஆடை கட்டிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தெளித்து ஏமாற்றாமல் சுரண்டி எறிய வேண்டும்.

கல்லுக்குக் கல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட ஸ்பேசர் துண்டு, சுவரோரம் 6 மில்லிமீட்டர் இடைவெளி. சுவரோர இடைவெளியைச் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும். ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது. க்ரௌட்டுக்கு முன்பே, கறை இறங்காமல் காக்கும் சீலர் திரவத்தில் கல்லுக்கு உள்ளிறங்கும் வகையை ஒரு கை பூசிவிடு, இல்லாவிட்டால் க்ரௌட் நிறம் கல்லின் விளிம்பில் ஊறும். க்ரௌட் மணல் கலக்காததாக இருக்கட்டும். மணல் பளபளப்பைக் கீறிவிடும். எல்லாம் காய்ந்தபின் இன்னொரு கை சீலர்.

கடைசி நாள் நீ கட்டாயம் வீட்டில் இரு. சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது பலருக்குக் கைப்பழக்கம். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். ஆசிட் பட்டால் நுரைத்து, பளபளப்பு அந்த இடத்திலேயே செத்துவிடும். சீலர் எண்ணெயைத் தடுக்கும், புளிப்பைத் தடுக்காது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதெல்லாம் இனிமேல் கொல்லைப்பக்கம்தான் என்று தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை.

கல்லும் அடெசிவும் சேர்ந்து தரை சுமார் 15 மில்லிமீட்டர் உயரும். கதவுகளுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே படி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. தச்சரைக் கல் இறக்குவதற்கு முன்பே கூப்பிட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
தாமோதரன்